துருவும் சர்க்கரையும்

மூன்றாம் ஆண்டு மாணவன், இளம் அறிவியல் (வேதியியல்)

வேதியியல் படிக்கும் மாணவனுக்கு நேரக்கூடிய பெரிய வெட்கம் எது? தேர்வில் தோற்பதா? பியூரெட்டை உடைத்துவிட்டு விரிவுரையாளர் முன் தலைகுனிந்து நிற்பதா? இவை இரண்டையும் நான் அனுபவித்திருக்கிறேன். இவற்றினும் பெரிய வெட்கம் ஒன்று உண்டு என்பதைச் சென்ற ஆண்டு, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அறிந்தேன். பெற்ற தாய் கேட்ட ஓர் எளிய கேள்விக்கு, இரண்டு ஆண்டுகள் படித்த பாடத்திலிருந்து ஒரு வரி கூட விடை சொல்லத் தெரியாமல் விழித்தேனே, அதுதான் அந்த வெட்கம். இந்தக் கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது.

என் அக்கா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.8 கிராம் என்று வந்தது. கர்ப்பிணிக்கு 11 கிராமாவது இருக்க வேண்டும். "மாத்திரை சாப்பிட்டு ஏற்றுவதற்கு இனி நாள் இல்லை, அயர்ன் சுக்ரோஸ் ஏற்றிவிடலாம்" என்றார் டாக்டரம்மா. சிஸ்டர் சிறிய கண்ணாடிக் குப்பிகளை உடைத்துச் சலைன் பாட்டிலில் கலந்தார். தெளிந்த நீர், கண்ணெதிரே கஷாயம் போலப் பழுப்பாக மாறியது. அதைக் கண்ட அம்மா அஞ்சினார். என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கிறே? இது என்ன? பேரைக் கேட்டா ஒரு பக்கம் இரும்புங்கிறாங்க, ஒரு பக்கம் சர்க்கரைங்கிறாங்க. ரத்தத்துக்குள்ளே கெமிக்கல் ஏத்தினா வயித்துப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதா?"

சுக்ரோஸ் பற்றி நான் பல்கலைக்கழகத் தேர்வில் இரண்டு பக்கம் எழுதியவன். அது ஃபெலிங் கரைசலை ஒடுக்காது. நீராற்பகுத்தால் குளுக்கோசும் ஃபிரக்டோசும் தரும். அதன் அமைப்பு இன்னது என்றெல்லாம் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவன். அந்த இரண்டு பக்கத்தில் ஒரு சொல்லும் அன்று எனக்குக் கைகொடுக்கவில்லை. "தெரியலம்மா" என்றேன்.

அந்த ஒரு சொல் தீர்ப்பாகிவிட்டது. பக்கத்திலிருந்த பெரியம்மா ஒருவர், "படிச்ச பிள்ளைக்கே தெரியலே பாரு. கெமிக்கல் எல்லாம் எதுக்கு? முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடு, எல்லாம் இயற்கை" என்றார். அக்காவை அழைத்துக்கொண்டு வீடு திரும்பிவிட்டோம். மூன்று வாரம் கழித்து மறுபடி சோதித்தபோது 7.1 கிராம். இரத்தம் குறைந்த உடம்போடு பிரசவ அறைக்குள் போகும் பெண்ணுக்குச் சிறிது உதிரப்போக்கும் உயிருக்கு ஆபத்தாகலாம் என்று டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகே அம்மா இணங்கினார். நான்கு முறை மருந்து ஏற்றினார்கள். அக்காவுக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. எல்லாம் நலம். ஆனால் வீணாய்ப் போன அந்த மூன்று வாரம் யார் கணக்கில் சேரும்? அம்மாவின் கணக்கிலா? பெரியம்மாவின் கணக்கிலா? என் கணக்கில்தான் என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாம் தொகுதியின் இடையூறு

கல்லூரிக்குத் திரும்பியதும் அந்தப் பழுப்பு நீரின் இரகசியத்தைத் தேடினேன். விடை நூலகத்தின் மூலையில் இல்லை. நாம் நாள்தோறும் புரட்டும் செய்முறைப் பாடநூலிலேயே இருந்தது!

உப்புப் பகுப்பாய்வில் மூன்றாம் தொகுதியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அம்மோனியம் குளோரைடும் அம்மோனியம் ஹைட்ராக்சைடும் சேர்த்தால் இரும்பு, செம்பழுப்பு நிற வீழ்படிவாக இறங்கும். அங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. சர்க்கரை, டார்டாரிக் அமிலம் போன்ற கரிமப் பொருள்கள் உப்பில் கலந்திருந்தால் இந்த வீழ்படிவு வராது. ஆகவே அவற்றை முன்னதாக எரித்து நீக்கிவிட வேண்டும். 'இடையூறு செய்பவை' என்ற தலைப்பில் இதை மனப்பாடம் செய்கிறோம். ஏன் இடையூறு செய்கின்றன என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்று பெஞ்சில் விழித்திருக்க மாட்டேன்.

எங்கள் விரிவுரையாளரின் அனுமதியோடு ஒரு மாலை இதைச் செய்து பார்த்தேன். இரண்டு சோதனைக் குழாய்களில் ஃபெரிக் குளோரைடு கரைசல். முதற்குழாயில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். எதிர்பார்த்தபடியே சேறு போன்ற பழுப்பு வீழ்படிவு இறங்கிற்று. இரண்டாம் குழாயில் விடுதிச் சமையலறையிலிருந்து வாங்கி வந்த சர்க்கரையை நிறையக் கரைத்துவிட்டு, அதன்பின் காரத்தைச் சேர்த்தேன். கரைசல் கருஞ்சிவப்பாக மாறியது. ஆனால் எதுவும் இறங்கவில்லை. வடிதாளில் ஊற்றினேன், முழுவதும் வழிந்து கீழே வந்துவிட்டது. மறுநாள் காலையில் வந்து பார்த்தேன். அப்போதும் அடியில் கசடு இல்லை. அந்த நிறத்தை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. அக்காவின் சலைன் பாட்டிலில் பார்த்த அதே நிறம்!

இங்கே நடப்பது என்ன? காரம் சேர்ந்ததும் இரும்பு, ஹைட்ராக்சைடாக மாறத்தான் செய்கிறது. எளிய தமிழில் சொன்னால், துரு உண்டாகிறது. ஆனால் ஒரு துருத்துகள் இன்னொன்றோடு ஒட்டிப் பெருத்துக் கசடாவதற்குள், சர்க்கரை மூலக்கூறுகள் தம் ஹைட்ராக்சில் தொகுதிகளால் அதைச் சூழ்ந்து பற்றிக்கொள்கின்றன. துகள் சில நானோமீட்டர் அளவிலேயே நின்றுவிடுகிறது. மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கே நானோமீட்டர். அவ்வளவு சிறிய துகள் நீரில் மிதக்கும். வடிதாளின் துளைகளிலும் புகுந்து செல்லும். நானோ தொழில்நுட்பம் என்று பெரிய கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, அதில் 'சர்க்கரை பூசிய நுண்துகள்' என்பது ஒரு தனித் துறை. அந்தத் துறையின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மருந்து, கிராமத்துச் சுகாதார நிலையத்தின் அலமாரியில், ஐந்து மில்லிலிட்டர் குப்பியில் 100 மில்லிகிராம் இரும்போடு உட்கார்ந்திருக்கிறது. நாம்தான் அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். நான் சோதனைக் குழாயில் கண்டது மருந்தன்று. மருந்தாக வேண்டுமெனில் அதன் துகள் அளவு, தூய்மை, கிருமியற்ற நிலை அனைத்தும் கட்டுப்படுத்தப்பட வேண்டும். ஆனால் அடிப்படைத் தத்துவம் அதுவே. நம் ஆய்வுக்கூடத்தில் இடையூறு என்று நாம் எரித்து நீக்கும் அதே குணம், அங்கே ஒரு தாயைக் காக்கும் குணமாகிறது.

உடலும் இதைத்தான் செய்கிறது

"இரும்பை அப்படியே இரத்தத்தில் செலுத்தினால் என்ன? எதற்குச் சர்க்கரைப் பூச்சு?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தனித்துத் திரியும் இரும்பு அயனி உடலுக்கு நஞ்சு. அது தீவிர வினைபுரியும் உறுப்புகளை உண்டாக்கிச் செல்களைச் சிதைக்கும். ஆகவே இரும்பு சிறிது சிறிதாகத்தான் வெளிப்பட வேண்டும். சர்க்கரைச் சட்டை அணிந்த துகளைக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றிலுள்ள விழுங்கு செல்கள் உட்கொள்கின்றன. அங்கிருந்து இரும்பு மெல்ல விடுபட்டு, டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதத்தின் முதுகிலேறி மஜ்ஜைக்குச் சென்று, புதிய சிவப்பணுக்களில் சேர்கிறது.

இதில் வியப்புக்குரியது எது தெரியுமா? இந்த உத்தியை மனிதன் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் ஒவ்வொருவர் கல்லீரலிலும் ஃபெரிட்டின் என்று ஒரு பொருள் உண்டு. இருபத்து நான்கு புரதக் கூறுகள் சேர்ந்து ஒரு கூடு. அதன் வெளிவிட்டம் சுமார் 12 நானோமீட்டர். கூட்டுக்குள்ளே இரும்பு, துருவையொத்த ஆக்சைடு வடிவில் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. ஒரு கூட்டில் 4500 இரும்பணுக்கள் வரை இடம்பெறும். அதாவது, உறையிட்ட துருத்துகளை இயற்கையே நம் உடலுக்குள் செய்து வைத்திருக்கிறது! புரத உறைக்குப் பதில் சர்க்கரை உறை, வேறுபாடு அவ்வளவே. அம்மா அஞ்சிய அந்தக் 'கெமிக்கல்', அம்மாவின் உடலிலேயே இருக்கும் ஒன்றின் ஒன்றுவிட்ட தம்பி.

சர்க்கரை என்றால் இனிப்பு என்று மட்டும் எண்ணும் நமக்கு, அது உயிர்களின் அடையாளச் சீட்டு என்பதும் புதிய செய்தியாக இருக்கலாம். நம் இரத்தப் பிரிவுகளை எடுத்துக்கொள்வோம். ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் உள்ள வேறுபாடு, சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரைத் தொடரின் நுனியில் எந்தச் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதே. ஓ பிரிவில் அந்த நுனிச் சர்க்கரை இல்லை. செல்கள் ஒன்றையொன்று இத்தகைய குறிகளால் அறிகின்றன. இதை உணர்ந்த வேதியியலார், அதே குறிகளைத் துகள்களின் மேல் பதிக்கத் தொடங்கினர். ஸ்பெயின் நாட்டில் சொலிடாட் பெனாடெஸ் என்ற அம்மையாரின் குழு, தங்க நுண்துகளின் மேல் தொகுப்பு முறையில் ஆக்கிய சர்க்கரைகளைப் பதித்து 2001 இல் அறிவித்தது. செல்லின் மேற்பரப்பைப் போல நடிக்கும் துகள் அது.

ஏழை நாடு ஒன்றின் சாதனையையும் சொல்ல வேண்டும். ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா பி என்னும் கிருமி, குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்குவது. அதன் மேலுறை ஒரு சர்க்கரைத் தொடர். கியூபாவில் ஹவானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விசென்டே வெரெஸ்-பென்கோமோவும் அவர் குழுவினரும், கிருமியை வளர்த்து அந்த உறையை உரிப்பதற்குப் பதில், அதே சர்க்கரைத் தொடரை ஆய்வுக்கூடத்தில் தொகுத்தனர். ஒரு புரதத்தோடு இணைத்துத் தடுப்பூசியாக்கினர். 2004 இல் உலகுக்கு வெளியிட்டனர். மனிதர்க்குப் பயன்பட்ட முதல் தொகுப்புச் சர்க்கரைத் தடுப்பூசி அதுவே. செல்வம் கொழிக்கும் நாடு எதுவும் அதை முதலில் செய்யவில்லை என்பதை நாம் கருத வேண்டும்.

இயற்கையா? செயற்கையா?

இனி, பெரியம்மாவின் வாதத்துக்கு வருவோம். 'இயற்கை நல்லது, கெமிக்கல் கெட்டது' என்பது இன்று ஊர் முழுவதும் ஒலிக்கும் வாதம். படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். ஏன், நம் விடுதியிலேயே, காலையில் கரிம வேதியியல் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு மாலையில் 'கெமிக்கல் இல்லாத சோப்பு' தேடும் நண்பர்களை நான் அறிவேன்!

1828 இல் ஜெர்மானியரான வோலர், கனிமப் பொருளாகிய அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவை ஆக்கிக் காட்டினார். உயிருள்ளவை மட்டுமே ஆக்க வல்லவை என்று நினைத்த ஒரு பொருள், கண்ணாடிக் குடுவையில் பிறந்தது. சிறுநீரிலிருந்து வந்த யூரியாவுக்கும் குடுவையிலிருந்து வந்த யூரியாவுக்கும் யாராலும் வேறுபாடு காண இயலவில்லை. ஏனெனில் வேறுபாடு இல்லை. ஒரு மூலக்கூறு தான் எங்கே பிறந்தோம் என்பதை நினைவில் வைத்திருப்பதில்லை.

இன்னொன்று கேளுங்கள். பிரான்சு நாட்டில் பெலத்தியே, காவாந்து என்று இருவர். 1818 இல் ஸ்டிரிக்னைனைப் பிரித்தெடுத்தனர். அது நம் காடுகளிலும் வளரும் எட்டி மரத்தின் கொட்டையிலுள்ள கொடிய நஞ்சு. அதே இருவர் 1820 இல் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தனர். அது மலேரியாவிலிருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்து. அதற்காகவே 1860களில் நம் நீலகிரி மலையில் சிங்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. பிற்காலத்தில் அமெரிக்கரான வுட்வர்டு, 1944 இல் டோரிங்குடன் சேர்ந்து குயினைனுக்குத் தொகுப்பு வழி காட்டினார். 1954 இல் ஸ்டிரிக்னைனையும் தொகுத்தார். எட்டியும் இயற்கை, சிங்கோனாவும் இயற்கை. பிரித்தவர்களும் அவர்களே, தொகுத்தவரும் அவரே. நஞ்சையும் மருந்தையும் பிரிப்பது பிறந்த இடம் அன்று. மூலக்கூற்றின் வடிவமும், கொடுக்கும் அளவும், கொடுத்துப் பார்த்து அறிந்த சான்றுமே ஆகும்.

மக்களின் அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. 1984 இல் போபாலில் நச்சுவாயு ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்றதை நாடு மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆலைக்கழிவு கலந்த ஆற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கு 'கெமிக்கல்' என்ற சொல் கசக்கத்தான் செய்யும். இயற்கைப் பொருள் பூசிவிட்டோம் என்பதால் மட்டும் ஒரு மருந்து தீங்கற்றதாகிவிடாது என்பதும் உண்மை. டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைத் தொடரை உறையாகக் கொண்ட பழைய இரும்பு ஊசிமருந்துகள், சிலருக்கு உயிரைப் பறிக்கும் அளவுக்கு ஒவ்வாமையை உண்டாக்கின. அதனால்தான் பிற சர்க்கரை உறைகளைத் தேடினார்கள். இன்றும் இரும்பு ஏற்றும்போது அருகில் இருந்து கண்காணிக்கிறார்கள். ஆக, சந்தேகம் வேண்டும். ஆனால் அந்தச் சந்தேகம் சரியான கேள்வியாக வேண்டும். 'இது இயற்கையா?' என்பது தவறான கேள்வி. 'இது என்ன? எவ்வளவு? எப்படித் தெரியும்?' என்பவையே சரியான கேள்விகள். முருங்கைக்கீரையையும் இதே கேள்விகளால்தான் எடைபோட வேண்டும். கீரை நல்லது, நாளும் உண்போம். ஆனால் கீரையிலுள்ள இரும்பில் சிறு பகுதியையே குடல் ஏற்கிறது. ஏழாம் மாதத்தில் 7.8 கிராமில் நிற்கும் பெண்ணுக்கு அது காலத்தில் கைகொடுக்காது.

மரம் தரும்போது நாம் ஏன் செய்ய வேண்டும்?

இயற்கைப் பொருள்களைத் தொகுக்கும் கரிம வேதியியலைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தபோது நண்பன் ஒருவன் கேட்டான்: "மரமே தருகிறதே; அதை ஏன் ஆய்வுக்கூடத்தில் அல்லாட வேண்டும்?" நல்ல கேள்வி. நம் வீட்டு வாசலில் நிற்கும் வேம்பையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

வேப்பங்கொட்டையில் பூச்சிகளை அண்டவிடாத, அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும் அசாடிராக்டின் என்னும் பொருள் இருக்கிறது. 1968 இல் அது பிரித்தெடுக்கப்பட்டது. அதன் சரியான அமைப்பு தெளிவாக 1985 வரை ஆயிற்று. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே என்பவரும் அவர் மாணவர்களும் அதைத் தொகுக்க முயன்று, 22 ஆண்டுகள் உழைத்து, 2007 இல் முடித்தனர். கிடைத்ததோ மிக மிகச் சிறிய அளவு. எந்த உழவனும் அதை வாங்கி வயலில் தெளிக்கப்போவதில்லை. ஒரு மூட்டை வேப்பங்கொட்டை அதைவிடப் பன்மடங்கு தரும். அப்படியானால் அந்த 22 ஆண்டுகள் வீணா?

இல்லை என்பதே என் கருத்து. ஒரு வீட்டை வெளியே நின்று பார்ப்பவன் அதன் நிறத்தைச் சொல்வான். கட்டியவனே எந்தச் சுவரை எடுத்தால் கூரை விழும் என்பதைச் சொல்வான். மூலக்கூற்றைக் கட்டிப் பார்க்கும்போதுதான் அதன் எந்தப் பகுதி வேலை செய்கிறது, எந்தப் பகுதி வெறும் சுமை என்பது விளங்குகிறது. வழியில் எழும் தடைகளைத் தாண்டப் புதிய வினைகள் பிறக்கின்றன. 1856 இல் பதினெட்டு வயதுப் பெர்கின், விடுமுறையில் தன் வீட்டு ஆய்வறையில் குயினைன் செய்ய முயன்று தோற்றான். தோல்வியில் கிடைத்த ஊதா நிறத்திலிருந்து செயற்கைச் சாயத் தொழிலே பிறந்தது.

காடுகளைக் காப்பதும் இந்த வேதியியல்தான். டாக்சால் என்னும் புற்றுநோய் மருந்துக்காகப் பசிபிக் யூ மரங்களின் பட்டையை உரித்தனர். பட்டை உரிந்த மரம் செத்தது. வேறொரு யூ மரத்தின் இலைகளிலிருந்து, மரத்தைக் கொல்லாமல், ஒரு பகுதிப்பொருளை எடுத்து எஞ்சியதை வேதியியலால் பூர்த்தி செய்யும் வழி பிறந்த பிறகே அந்த அழிவு நின்றது. சர்க்கரை நோயாளிகள் விழுங்கும் மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்ளுங்கள். கலேகா என்னும் செடியிலுள்ள பொருளின் உறவுப் பொருள் அது. 1922 இல் தொகுக்கப்பட்டது. 1957 இல் பிரான்சு நாட்டு மருத்துவர் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டு வெளியிட்டார். செடி வழி காட்டியது. கை செம்மை செய்தது. இதில் இயற்கை எங்கே முடிகிறது, செயற்கை எங்கே தொடங்குகிறது? கோடு போட்டுக் காட்ட யாரால் முடியும்?

நம்மால் ஆகுமா?

"இவையெல்லாம் கேம்பிரிட்ஜுக்கும் ஹவானாவுக்கும் ஆகும், ஓர் அரசு கலைக் கல்லூரியில் என்ன நடக்கும்?" என்று பெருமூச்சு விடுவோருக்கு ஒரு செய்தி. நம் வேலிகளில் படரும் கொடி நஞ்சறுப்பான். அதிலுள்ள டைலோஃபோரின் என்னும் ஆல்கலாய்டின் அமைப்பை ஆராய்ந்து, 1961 இல் அதன் தொகுப்பையும் வெளியிட்டவர் பேராசிரியர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவர் மாணவர்களும். எங்கே? சென்னை மாநிலக் கல்லூரியில். அதுவும் ஓர் அரசு கல்லூரியே! குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, தாவரங்களின் நிறப்பொருள்களை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றதும் நாம் அறிந்ததே. அவரும் அதே மாநிலக் கல்லூரியில் பயின்றவர்தான். வேலியில் படர்ந்த கொடியைப் பார்த்து 'இதற்குள் என்ன இருக்கிறது?' என்று கேட்கும் மனமே அவர்களுடைய முதற் கருவியாக இருந்தது.

ஆகவே இந்த ஆண்டு மலரின் வாயிலாக, நம் துறைக்கும் நண்பர்களுக்கும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது: மூன்றாம் ஆண்டு மாணவர் ஒவ்வொரு குழுவும் நம் ஊர்ப் பொருள் ஒன்றிலிருந்து ஒரு சேர்மத்தையாவது தம் கையால் பிரித்தெடுக்க வேண்டும். மிளகிலிருந்து பைப்பரின், மஞ்சளிலிருந்து குர்குமின், தேயிலையிலிருந்து கஃபீன். இவற்றுக்கு அரிய கருவிகள் வேண்டியதில்லை. கடையில் வாங்கிய மிளகு, வெளிர்மஞ்சள் படிகமாக மாறி வடிதாளில் நிற்பதைக் கண்டவன், அதன்பின் 'இயற்கை வேறு, கெமிக்கல் வேறு' என்று பேச மாட்டான்.

இரண்டாவது: சுகாதார நிலையங்களில் அன்றாடம் வழங்கும் சில மருந்துகளைப் பற்றி, அவை என்ன, எப்படி வேலை செய்கின்றன என்று எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதுவோம். நம் விரிவுரையாளர்களும் ஒரு மருத்துவரும் பார்த்துத் திருத்திய பின் அதைக் கிராமத்துக்குக் கொண்டு செல்வோம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலையைச் செப்பனிடுகிறோமே, அதைப் போல இதுவும் ஒரு பணி. மருத்துவர் வேலையை நாம் செய்ய வேண்டாம். எதை உட்கொள்வது என்பதை அவர் சொல்லட்டும். அது என்ன பொருள் என்பதையாவது நாம் சொல்வோம்.

மூன்றாவது வேண்டுகோள் எங்கள் விரிவுரையாளர்களுக்கு. செய்முறைத் தேர்வின் வாய்மொழிக் கேள்விகளில் ஒன்றைப் புதிதாகச் சேருங்கள் ஐயா. வினையின் சமன்பாட்டைக் கேளுங்கள், இயங்குமுறையைக் கேளுங்கள், பிறகு, "இதை உன் அம்மாவுக்கு எப்படிச் சொல்வாய்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் தெரியாதவனுக்கு அந்த மதிப்பெண்ணைக் கொடுக்காதீர்கள். முதல் ஆளாக எனக்கு அந்த மதிப்பெண் போயிருக்கும், போயிருக்கவும் வேண்டும்.

பிந்தியாவது நான் அந்தக் கேள்விக்கு விடை சொன்னேன். அக்காவின் குழந்தைக்குப் பெயர் சூட்டிய நாளன்று, இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் நீர் எடுத்து, மாவை ஒன்றில் வெறுமனே கொட்டினால் அடியில் தங்குவதையும், நன்றாகக் கரைத்துக் கஞ்சியாக்கினால் தங்காமல் நிற்பதையும் காட்டி, துருவின் கதையைச் சொன்னேன். உவமை அரைகுறைதான், என் விரிவுரையாளர் கேட்டால் சிரிப்பார். ஆனால் அம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்படின்னா, துருவுக்குச் சர்க்கரையிலே சட்டை போட்டு அனுப்பியிருக்காங்க. இதை அன்னிக்கே சொல்லியிருந்தா ஏத்த விட்டிருப்பேனே!"

சென்ற மாதம் அடுத்த தெருப் பெண்ணொருத்திக்கு இதே மருந்து ஏற்ற வேண்டும் என்றார்களாம். அவள் வீட்டார் தயங்கியபோது, துணைக்குப் போயிருந்த என் அம்மாவே அந்தச் சட்டைக் கதையைச் சொல்லி அவளைக் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறார். நான் இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியதை, பள்ளிக்கூடம் பாதியில் நின்ற அம்மா ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார். அந்த ஒரு வரியை எழுதத்தான் நான் இங்கே படிக்க வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.